ரெங்கூன் படத்து விமானத்துக்குப் பெயர் கண்டுபிடித்த கதை

கானாடுகாத்தான் வீடு ஒன்றிலிருந்து படச் சட்டம் மாற்றுவதற்காக என் கடைக்கு வந்த பழைய புகைப்படத்தில் நிற்கும் விமானம் டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத். சந்தேகமில்லாமல் முடிவாகிவிட்டதால் இதை எழுதுகிறேன். அது டைகர் மாத் இல்லை. டாடாவின் முதல் தபால் விமானமும் இல்லை. பிரிட்டிஷ் விமானி ஆலன் காபம் ஆஸ்திரேலியாவுக்கு ஓட்டிச் சென்ற புகழ்பெற்ற விமானமும் இல்லை. இந்தக் கடைசிப் பெயருக்காக நான் நிறைய மல்லுக்கட்டினேன். அதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

நான் காரைக்குடியில் படச் சட்டம் போடும் கடை வைத்திருப்பவன். விமானம் பற்றிப் படித்தவன் அல்ல. ஆனால் இந்தப் பக்கத்து வீடுகளின் முகப்பிலும் வளவிலும் நிலைக்கு மேலே வரிசையாகச் சாய்ந்து நிற்கும் படங்கள் வருடம் முழுவதும் என் மேசைக்கு வந்து போகின்றன. தஞ்சாவூர் ஓவியம், ரவிவர்மா அச்சு, கல்யாண குரூப் போட்டோ, ரெங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் எடுத்த கடைப் படங்கள். கார் நிற்கும் படங்கள் ஏராளம். விமானம் நிற்கும் படம் அபூர்வம். வந்துவிட்டால் அதோடு ஒரு கதையும் வரும், அந்தக் கதை பெரும்பாலும் தவறாக இருக்கும்.

இந்தப் படத்துக்கு மூன்று கதைகள் இருந்தன. படத்தைக் கொண்டுவந்த ஆச்சி, அது தன் பெரிய ஐயா ரெங்கூனில் விமானம் ஏறிய நாளில் எடுத்தது என்றார். அவருடைய மகன், டாடா முதன்முதலில் ஓட்டிய தபால் விமானம் என்றார். கூட வந்த உறவினர், வள்ளல் அழகப்பச் செட்டியாரின் விமானமாகத்தான் இருக்க வேண்டும் என்றார். காரைக்குடி வட்டாரத்தில் எந்த விமானப் படம் கிடைத்தாலும் அழகப்பர் பெயர் ஒட்டிக்கொள்வது வழக்கம். அவர் லண்டன் குராய்டனில் விமானம் ஓட்டக் கற்றவர், போருக்குப் பிறகு ஜூபிடர் ஏர்வேஸ் நடத்தியவர் என்பதால் அந்த ஊகத்தில் நியாயமும் உண்டு. ஆனால் ஜூபிடர் ஓட்டியவை டக்கோட்டாக்கள். இரண்டு எஞ்சின், ஒற்றை இறக்கை, உடல் முழுவதும் உலோகம். படத்தில் இருப்பதோ இரட்டை இறக்கையும் ஒற்றை எஞ்சினும் கொண்ட சின்ன வண்டி. அந்தக் கதை மேசையிலேயே முடிந்தது.

டாடா கதையும் நெடுநேரம் தாங்கவில்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது புஸ் மாத் விமானத்தில். அதற்கு மேலே ஒரே ஒரு இறக்கைதான். கண்ணாடி போட்ட அறைக்குள்ளேயே விமானியும் உட்கார்ந்திருப்பார். இரட்டை இறக்கையை ஒற்றையாக்க எந்தக் கதையாலும் முடியாது.

படத்தின் அமைப்பு இது. ஒரு மரப் படகுத்துறை. அதன் விளிம்பில் தலைப்பாகையும் நீளக் கோட்டும் அணிந்த ஒருவர். அவருக்குப் பின்னால் ஆற்றில் மிதவைகள் மேல் நிற்கும் விமானம், மூக்கு வலப்பக்கம் பார்த்தபடி, சற்று எதிர்முகமாகத் திரும்பி நிற்கிறது. உடலின் பக்கவாட்டில் பதிவு எழுத்துகள் இருந்திருக்கும். அந்த இடத்தைச் சரியாக மறைத்துக்கொண்டு நிற்கிறார் கோட்டுக்காரர். வாலும் அவருக்குப் பின்னால் போய்விட்டது. தூரத்தில் பக்கச் சக்கரம் வைத்த ஆற்று நீராவிக் கப்பல் ஒன்று. அட்டையின் பின்புறம் பென்சிலில் ‘ரெங்கூன்’ என்று மட்டும் இருந்தது, ஆண்டு இல்லை.

முதல் வேலை சட்டத்தைப் பிரிப்பது. பர்மா தேக்கு, முக்கால் அங்குல அகலம், மூலைகளில் ஆப்பு. பின்பலகை தேவதாரு. ஆணிகள் துருப்பிடித்திருந்தன. ஆணியை நெம்பி இழுத்தால் சட்டத்தின் உள்விளிம்பு பிளந்துவிடும். நான் குறடால் தலையை நறுக்கிவிட்டு, பலகையைத் தூக்கியபின் மிச்சத்தைத் தனியாக உருவுவேன். பலகைக்கும் அட்டைக்கும் நடுவே 1941-ஆம் ஆண்டு சுதேசமித்திரன் தாள் ஒன்று மடித்துக் கிடந்தது. ஆச்சியின் மகன் அதைப் பார்த்தவுடன் படத்தின் ஆண்டு கிடைத்துவிட்டது என்றார். செய்தித்தாள் சட்டம் போட்ட காலத்தைக்கூட உறுதியாகச் சொல்லாது. பழைய தாளை எந்த வருடமும் மடித்து வைக்கலாம். நானே வைத்திருக்கிறேன்.

அட்டையை எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, படத்தின் இடது கீழ்மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலத்து ஈரம் உள்ளே இறங்கினால் படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இப்படி ஒட்டியதைச் சிலர் பிளேடு விட்டுப் பிரிக்கிறார்கள், சிலர் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். இரண்டிலும் படத்தின் தோல் கண்ணாடியோடு போய்விடும். நான் தொடவில்லை. கண்ணாடியும் படமுமாகச் சேர்த்தே நகலெடுப்பது என்று முடிவு செய்தேன். ஆச்சிக்கு இதில் வருத்தம். புதுக் கண்ணாடி போடச் சொல்லித்தானே கொடுத்தார்.

கடையில் இருக்கும் மெல்லிய ஸ்கேனரில் முதலில் வைத்துப் பார்த்தேன். மங்கல். இந்த வகை ஸ்கேனர்களின் உணரி கண்ணாடியை ஒட்டியே ஓடும். தாள் நேரடியாக மேலே படிந்திருந்தால்தான் கூர்மை கிடைக்கும். இங்கே படத்துக்கும் ஸ்கேனருக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் பழைய கண்ணாடி நிற்கிறது. லென்ஸும் ஆடியும் வைத்த தடிமனான பழைய வகை ஸ்கேனர் இருந்தால் இந்த ஆழம் பிரச்சினை இல்லை. அது கிடைக்காததால் கல்யாணப் படம் எடுக்கும் நண்பர் ஒருவரிடம் கேமராவும் மேக்ரோ லென்ஸும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன்.

மேசையில் படத்தைக் கிடத்தி, கேமராவை மேலிருந்து நேர்செங்குத்தாகப் பார்க்கும்படி முக்காலியின் நடுத்தண்டைத் தலைகீழாக்கி மாட்டினேன். மட்டம் பார்க்க ரசமட்டம். இருபுறமும் 45 பாகைச் சாய்வில் இரண்டு எல்.இ.டி. பல்புகள். கண்ணாடியில் கேமராவின் உருவமே விழாமல் இருக்கக் கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு முன்னால் தொங்கவிட்டேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இந்த வேலை செய்யக் கூடாது; சட்டையும் கண்ணாடியில் தெரியும். படத்தை ஆறு பகுதிகளாக, ஒன்றோடொன்று கால்பங்கு மேற்படியும்படி எடுத்து, ஜிம்ப் மென்பொருளில் இணைத்தேன். பழைய கண்ணாடி அலை அலையாக இருப்பதால் கோடுகள் வளைகின்றனவா என்று தெரிந்துகொள்ள, அதே வகைக் கண்ணாடித் துண்டு ஒன்றை முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கி, கீழே கிராஃப் தாள் வைத்து அதையும் எடுத்துப் பார்த்தேன். விலகல் இருந்தது, ஆனால் பென்சில் கோட்டின் பருமன் அளவுக்குத்தான்.

படத்தின் அளவு நாலேமுக்கால் அங்குலத்துக்கு ஆறரை. அதாவது அரை பிளேட். அந்தக் காலத்துக் கேமராவில் கண்ணாடித் தகடு இதே அளவு. தகட்டைத் தாள்மேல் நேரடியாக வைத்து அச்செடுத்திருக்கிறார்கள். பெரிதாக்கி எடுத்த பிரதி இல்லை என்பதால் உள்ளே விவரம் கொட்டிக் கிடக்கும். ஏ3 தாளில் அச்செடுத்துப் பார்த்தபோது கோட்டுக்காரரின் கைக்கடிகார வார்கூடத் தெரிந்தது.

இங்கே ஒரு சின்னச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். கண்ணாடித் தகட்டைப் புறம் மாற்றி வைத்து அச்செடுத்தால் படம் இடவலம் மாறிவிடும். பல பழைய படங்கள் அப்படி இருக்கின்றன. கோட்டுப் பித்தானைப் பார்த்தேன். ஆண்கள் கோட்டில் இடப்பாகம் வலப்பாகத்தின் மேல் படியும். இதில் அப்படித்தான் படிந்திருந்தது. கடிகாரமும் இடக்கையில் இருந்தது. படம் நேராகவே இருக்கிறது. இந்த அரைநிமிடச் சோதனை பின்னால் எவ்வளவு உதவும் என்று அப்போது தெரியாது.

அடுத்து விமானம். முதலில் டைகர் மாத் என்றுதான் நினைத்தேன். சின்ன இரட்டை இறக்கை விமானம் என்றால் இணையத்தில் கிடைக்கும் முதல் பெயர் அதுதான். நீளத்துக்கும் இறக்கை அகலத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டுப் பொருத்திப் பார்க்க உட்கார்ந்தேன். டைகர் மாத்தின் இறக்கை நுனிக்கு நுனி 8.94 மீட்டர், நீளம் 7.29 மீட்டர். நம் படத்தில் வால் மறைந்திருக்கிறது, விமானம் வேறு சாய்வாக நிற்கிறது. சாய்ந்து நிற்கும் பொருளில் இரு வேறு திசைகளில் போகும் நீளங்கள் இரு வேறு அளவில் சுருங்கும். அவற்றின் விகிதத்துக்கு அர்த்தமே இல்லை. ஒரு மாலைப் பொழுது முழுவதும் ட்ரேசிங் தாளில் வரைந்த கோடுகள் குப்பைக்குப் போயின.

ஒரே திசையில், கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும் இரண்டு நீளங்களை ஒப்பிட்டால் மட்டும் விகிதம் தப்பிக்கும். செங்குத்து அளவுகளை எடுத்தேன். உடலை ஒட்டிய இடத்தில் கீழிறக்கைக்கும் மேலிறக்கைக்கும் நடுவே ஏ3 அச்சில் 62 மில்லிமீட்டர். அதே இடத்தில் கீழிறக்கையிலிருந்து உடலின் மேல்விளிம்பு வரை 51 மில்லிமீட்டர். இடைவெளியில் ஐந்தில் நான்கு பங்கை உடலே அடைத்துக்கொண்டிருக்கிறது. டைகர் மாத் படங்களில் மேலிறக்கைக்குக் கீழே முன்னிருக்கைக்காரர் தலை நிமிர்த்தி உட்காரும் அளவுக்குத் திறந்த வெளி தெரியும். இங்கே அது இல்லை. முன்னிருக்கை இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஒரு இருட்டு. கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தால் அந்த இருட்டுக்கு விளிம்பு இருந்தது, உள்ளே வெளிறிய ஒரு முகமும் இருந்தது. அது ஜன்னல். பயணி மூடிய அறைக்குள் இருக்கிறார். விமானியின் தலை, தோல் தொப்பியோடு, அறைக்குப் பின்னால் திறந்த வெளியில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. மழையோ வெயிலோ ஓட்டுபவருக்கு, சொகுசு பயணிக்கு. நம் ஊர்க் குதிரை வண்டி யோசனை.

பயணி உள்ளே, விமானி வெளியே பின்னால், மிதவை, ரெங்கூன். இவ்வளவும் சேர்ந்தால் ஆலன் காபம் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அவர் 1924 நவம்பரில் டி ஹாவிலாண்டின் டி.ஹெச்.50 விமானத்தில் லண்டனிலிருந்து புறப்பட்டு ரெங்கூன் வரை வந்து திரும்பினார். பிறகு 1926 ஜூன் 30 அன்று அதே விமானத்தில் மிதவைகளைப் பொருத்தி மெட்வே ஆற்றிலிருந்து கிளம்பி, ரெங்கூன், சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியா போய், அக்டோபர் 1 அன்று லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே தேம்ஸ் நதியில் வந்து இறங்கினார். போகும் வழியில், பாக்தாதுக்கும் பாஸ்ராவுக்கும் நடுவே தரையிலிருந்து வந்த குண்டு பட்டு அவருடைய எஞ்சின் வல்லுநர் ஆர்தர் எலியட் இறந்துபோனார். அந்த விமானத்திலும் பயணிகள் அறை முன்னால், விமானி பின்னால். ஆச்சி சொன்ன பெரிய ஐயா 1926-இல் ரெங்கூனில் இருந்தவர். எல்லாம் பொருந்தியது. கானாடுகாத்தானில் காபம் படம் கிடைத்திருக்கிறது என்று ஊரைக் கூட்டும் மனநிலையில் இருந்தேன்.

கெடுத்தது இறக்கைக் கம்புகள். மேலிறக்கையையும் கீழிறக்கையையும் இணைக்க நடுவே நிற்கும் கம்புகளை ஒவ்வொரு பக்கமும் எண்ண வேண்டும். டி.ஹெச்.50 பெரிய விமானம், இறக்கை 13 மீட்டர். ஒரு பக்கத்துக்கு இரண்டு ஜோடிக் கம்புகள் வேண்டும். நம் படத்தில் ஒரே ஜோடி. இன்னொரு ஜோடி படகுத்துறைத் தூணுக்குப் பின்னால் மறைந்திருக்கலாம் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். கம்பிகளைத் தொடர்ந்து பார்த்தபோது அந்த வாதமும் நிற்கவில்லை. குறுக்காகப் போகும் கம்பிகள் உடலின் அடியிலிருந்து நேராக அந்த ஒரே ஜோடியின் தலைக்குப் போய் முடிகின்றன. நடுவில் இன்னொரு ஜோடி நின்றிருந்தால் கம்பி அங்கே முடிந்து மறுபடி தொடங்கியிருக்கும்.

மூக்கும் ஒத்துவரவில்லை. 1926-இல் காபம் வைத்திருந்தது ஜாகுவார் எஞ்சின். சிலிண்டர்கள் வட்டமாகச் சுற்றி நிற்கும், முன்பக்கம் அகலமாகத் தெரியும். நம் படத்தில் மூக்கு ஒடுக்கம். அதோடு விசிறியின் அச்சு மூக்கின் மேற்புறத்தை ஒட்டி இருக்கிறது. இது நல்ல தடயம். சிலிண்டர்கள் வரிசையாக மேல்நோக்கி நிற்கும் எஞ்சினில் சுழலும் தண்டு கீழே இருக்கும். விசிறி தாழ்வாக அமையும், சிலிண்டர் தலைகள் மூடிக்கு மேலே துருத்தும். எஞ்சினைத் தலைகீழாகப் பொருத்தினால் தண்டு மேலே வந்துவிடும், விமானிக்கு முன்னால் பார்வை மறைக்காது. டி ஹாவிலாண்டின் ஜிப்ஸி எஞ்சின் வரிசையில் இப்படித் தலைகீழாக வந்தவை ஜிப்ஸி 3, பிறகு ஜிப்ஸி மேஜர். இரண்டும் 1930-களின் எஞ்சின்கள். காபம் அப்போதே கைவிட்டுப் போனார்.

தலைகீழ் எஞ்சின், ஒரு ஜோடிக் கம்பு, அறைக்குள் பயணி, பின்னால் திறந்த வெளியில் விமானி. டி ஹாவிலாண்ட் மாத் குடும்பத்தை வரிசையாகப் பார்த்தால் இந்த நான்கும் ஒன்றாகச் சேர்வது டி.ஹெச்.83 ஃபாக்ஸ் மாத்தில். முதல் பறப்பு 1932 ஜனவரி 29. மற்ற மாத் விமானங்களின் உதிரிப்பாகங்களையே கூடியவரை எடுத்து, உடலை மட்டும் ஒட்டுப்பலகையில் புதிதாகச் செய்தார்கள். அதனால்தான் வாலும் இறக்கையும் டைகர் மாத் ஜாடையில் இருந்து ஆளை ஏமாற்றுகின்றன. சின்ன அறைக்குள் மூன்று பேர், நெருக்கினால் நான்கு பேர். 1934-இல் தென்துருவப் பகுதிக்குப் போன பிரிட்டிஷ் கிரகாம் லாண்ட் குழு ஒரு ஃபாக்ஸ் மாத்தை மிதவையும் பனிச்சறுக்குக் கட்டையும் மாற்றி மாற்றிப் பொருத்தி ஓட்டியது. அந்தப் படங்களை நம் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அறைக்கூரைக்கும் மேலிறக்கைக்கும் நடுவேயுள்ள அந்தக் குறுகலான இடுக்கு அப்படியே இருக்கிறது.

பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் எழுத்து ஒன்றாவது கண்ணில் படாமல் எனக்குத் திருப்தி இல்லை. பக்கவாட்டு எழுத்துகளைக் கோட்டுக்காரர் மறைத்துவிட்டார். மேலிறக்கையின் மேற்பரப்பு கேமராவுக்குத் தெரியாது. கீழிறக்கையின் அடிப்பரப்பிலும் எழுதுவார்கள், அதுவும் தெரியாது. ஆனால் அன்று ஆறு அசையாமல் இருந்திருக்கிறது. இடது ஓரத்தில் இறக்கைக்குக் கீழே தண்ணீரில் நிழலுரு விழுந்திருக்கிறது. தண்ணீரில் தெரிவது இறக்கையின் அடிப்பக்கம்தான்.

அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, வெளுப்பையும் கறுப்பையும் விலக்கிக் கூட்டினேன். இரண்டு எழுத்துகள் மேலெழுந்தன. முதலாவது, இரண்டு சாய்கோடுகள் உச்சியில் கூடுவது. ஆங்கில ‘ஏ’, நடுக்கோடு அலையில் கலைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவது, அடியில் படுக்கைக்கோடும் அதன்மேல் நிமிர்ந்த கோடும், ‘எல்’ மாதிரி. ‘ஏ’, ‘எல்’ என்று தொடங்கும் பதிவைத் தேடிப் பயனில்லாத நேரம் போனது. தண்ணீரில் விழும் உருவம் மேல்கீழ் மாறியிருக்கும் என்பது உறைத்தபின் அச்சுத்தாளைக் கையால் தலைகீழாகத் திருப்பினேன். ‘டி’, ‘வி’ என்று வந்தது. 1930-களின் ரெங்கூனில் டிவி! தாளைச் சுழற்றினால் மேல்கீழ் மாறுவதோடு இடவலமும் மாறிவிடும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் மேல்கீழை மட்டும் மாற்ற வேண்டும். மென்பொருளில் அதற்குத் தனிப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன். ‘வி’, ‘டி’.

வி.டி. என்பது இந்தியப் பதிவு. 1929-க்கு முன் இந்திய விமானங்களுக்கு ஜி.ஐ. என்று தொடங்கும் எழுத்துகள், அதன்பிறகு வி.டி. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம் என்பதால் ரெங்கூன் விமானமும் வி.டி.தான். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா தனியாகப் பிரிந்தது, அதற்கு எக்ஸ்.ஒய். என்ற தனிக்குறி வந்தது. காபத்தின் விமானமோ ஜி என்று தொடங்கும் பிரிட்டிஷ் பதிவு. எழுத்துகள் இந்த வரிசையில் படிக்கக் கிடைத்தது படம் இடவலம் மாறாமல் இருந்ததால்தான். மாறியிருந்தால் நான் இன்னும் டிவியில்தான் நின்றிருப்பேன். பித்தான் சோதனையை விடாதீர்கள் என்பது இதற்காகத்தான். இன்னொன்று: இந்த எழுத்துகள் இருந்தது இடது கீழ்மூலையில், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட அதே இடத்தில்.

ஆக, விமானம் முதலில் பறந்த 1932-க்குப் பிறகு. வி.டி. ரெங்கூனில் செல்லுபடியான 1937-க்கு ஓரிரு வருடம் அப்பால் போகாது.

இந்த ஆண்டுக் கணக்கு வீட்டில் கலகம் செய்துவிட்டது. ஆச்சி என்னிடம் விமானத்தின் பெயரைக் கேட்கவே இல்லை. ‘எந்த வருடம், தம்பி?’ என்றுதான் கேட்டார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பெட்டக அறையிலிருந்து கணக்குப் புத்தகங்களை எடுத்துவரச் சொன்னார். ரெங்கூன் மொகல் தெருக் கடையில் பெரிய ஐயா கடைசியாக ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) முடித்துக் கையெழுத்திட்டது சுக்கில வருடம், அதாவது 1929-30. அதன்பிறகு அவர் கடல் தாண்டவில்லை. இங்கேயே இருந்து காலமாகியிருக்கிறார். மூன்று வருடக் கணக்குக்கு அடுத்துக் கடைப் பொறுப்புக்குப் போனது அவருடைய தம்பி, ஆங்கிரச வருடம், 1932-33. விமானத்துக்கு முன்னால் நிற்பவர் தம்பி.

இத்தனை காலமாக, முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்பு நாளில், பெரிய ஐயா என்று சொல்லி மாலை போட்டது இந்தத் தம்பிக்கு. அண்ணன் தம்பி முகச்சாயல் ஒன்றுபோல இருந்திருக்கலாம். ஆச்சியின் மகன் என் கணக்கில்தான் பிழை இருக்கும் என்றார். எஞ்சினையும் கம்பையும் காட்டினேன், அவருக்கு அவை எட்டவில்லை. ஐந்தொகைக் கையெழுத்தைப் பார்த்தபின் அமைதியானார். சிறிய ஐயாவின் வழியினர் தேவகோட்டையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று ஆச்சி சொன்னார். முகத்தில் மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது.

செலவு: கேமராவும் லென்ஸும் ஒரு நாள் வாடகை 1,200 ரூபாய். பல்புகள் இரண்டும் 280. கறுப்புத் துணி 180. ஏ3 அச்சுகள் 160. ட்ரேசிங் தாள் 60. அமிலமில்லாத அட்டை 450. மொத்தம் 2,330. நான் வாங்கியது சட்டத்துக்கான கூலி மட்டும்.

அடுத்த முறை வரிசையை மாற்றுவேன். விகிதம் எடுக்க ஸ்கேலைத் தொடுவதற்கு முன் கம்பு ஜோடிகளை எண்ணுவேன், விசிறியின் உயரத்தைப் பார்ப்பேன். இந்த இரண்டுக்கும் ஐந்து நிமிடம் போதும். டைகர் மாத்தும் காபமும் சேர்ந்து தின்ற நேரம் மிஞ்சியிருக்கும். தண்ணீர், கார் மூடி, ஜன்னல் கண்ணாடி என்று பளபளக்கும் பரப்பு எது இருந்தாலும் முதல் நாளே மேல்கீழ் மாற்றிப் பார்ப்பேன். எழுத்தின் கறுப்பு வெள்ளையை வைத்து நிறம் ஊகிக்க மாட்டேன். அந்தக் காலத்துத் தகடுகள் பலவற்றில் சிவப்பு கறுப்பாகவே விழும்; ஆச்சி வீட்டில் விமானத்துக்கு என்ன நிறம் என்று கேட்டார்கள், பதில் சொல்லவில்லை.

படத்தை ஒட்டிய கண்ணாடியோடே பழைய தேக்குச் சட்டத்துக்குள் திருப்பி வைத்தேன். பின்னால் மட்டும் பலகைக்கு முன்பாக அமிலமில்லாத அட்டை. பழைய பென்சில் எழுத்தைத் தொடவில்லை. புது அட்டையில் 2பி பென்சிலால், மாற்றி எழுத வசதியாக, விமானத்தின் வகையையும் ஏறத்தாழ 1932–37 என்ற ஆண்டு எல்லையையும் எழுதினேன். ஆளின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். அதை எழுத வேண்டியவர்கள் இரண்டு வீட்டாரும்தான். தேவகோட்டைக்காரர்கள் இன்னும் வந்து பார்க்கவில்லை.